டேப்பரில் இறுகிய கேம் புல்லியைச் சேதமில்லாமல் கழற்றுவது: 1.9 டிடிஐ எஞ்சினை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

டைமிங் பெல்ட் மாற்றவோ, கேம் ஆயில் சீல் மாற்றவோ, சிலிண்டர் ஹெட்டை இறக்கவோ இறங்கினால் பல எஞ்சின்களில் கேம் புல்லியை, அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் முனையில் பெல்ட் ஓடும் பல் சக்கரத்தை, கழற்றவோ தளர்த்தவோ வேண்டும். போல்ட் சுலபமாக வந்துவிடும். புல்லி மட்டும் அசையாது. "துரு பிடிச்சிருக்கு" என்று முடிவுகட்டி ஸ்பிரே அடித்து, பெரிய சுத்தியலை எடுக்கும் இடத்தில்தான் சின்ன வேலை ஒன்று ஹெட் வேலையாக மாறுகிறது.

பல எஞ்சின்களில் அந்தப் புல்லி துருவால் ஒட்டவில்லை. அப்படி இறுகி நிற்கும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.9 டிடிஐ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2001-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியாவில் இருந்த, சுழல் டீசல் பம்பு கொண்ட 90 குதிரைத்திறன் எஞ்சின் அது. அந்த வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, பட்டறைக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்த வழிகாட்டி அந்த எஞ்சினை மையமாக வைத்துப் போகிறது. மற்ற வகைகளில் எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

ஏன் இறுகுகிறது

இந்த எஞ்சினின் கேம்ஷாஃப்ட் மூக்கு நேர் உருளை இல்லை, கூம்பாகச் சரிந்திருக்கும். இதைத்தான் டேப்பர் என்கிறோம். புல்லியின் துளையும் அதே சரிவு. புல்லி நழுவாமல் பள்ளத்தில் செருகும் சாவி என்ற இரும்புத் துண்டும் கிடையாது, பின்னும் கிடையாது. நடுப் போல்ட்டை முறுக்கும்போது புல்லி அந்தக் கூம்பின் மேல் ஆப்பு போல ஏறி உட்காருகிறது. பெல்ட்டின் இழுவை முழுவதையும் தாங்குவது அந்த உராய்வு மட்டுமே.

சரிவுக் கோணம் சிறியதாக இருந்தால், போல்ட்டை எடுத்த பிறகும் உராய்வே புல்லியை விடாமல் பிடித்துக்கொள்ளும். இரும்பும் இரும்பும் உலர்ந்து உரசும்போது இது இயல்பு. ஒரு கணக்கு: 12 மி.மீ. போல்ட் ஒன்றை 45 நியூட்டன் மீட்டரில் முறுக்கினால் ஏறக்குறைய 2 டன் விசை புல்லியைக் கூம்பில் தள்ளுகிறது. முன்பு வேலை பார்த்தவர் டார்க் ரெஞ்ச் எடுக்காமல் ஏர் கன்னால் 120 வரை அடித்திருந்தால் அது 5 டன்னைத் தாண்டும். மிக மோசமாக இறுகிய புல்லிகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த ஏர் கன்தான். இன்னொரு காரணம், கூம்பில் கிரீஸ் தடவிப் பூட்டியது. கிரீஸ் இருந்தால் அதே முறுக்கில் புல்லி கூடுதல் தூரம் ஏறி உட்கார்ந்துவிடும்.

சாவி இல்லாமல் செய்ததற்கும் காரணம் உண்டு. பெல்ட்டை இழுத்துப் பூட்டும்போது புல்லி கேமின் மேல் தாராளமாகச் சுழன்று தன் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கிராங்க், கேம், டீசல் பம்பு மூன்றின் டைமிங்கும் துல்லியமாக அமையும். எனவே இந்த எஞ்சினில் பெல்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் புல்லியைக் கூம்பிலிருந்து விடுவித்தே ஆக வேண்டும். "புல்லியைத் தொடாம பெல்ட்டை மட்டும் மாத்திடலாம், பழைய பெல்ட்டில் பெயின்ட் மார்க் போட்டால் போதும்" என்பது குறுக்கு வழி. சில முறை தப்பிக்கலாம். ஆனால் டைமிங் ஒரு சிட்டிகை விலகிய எஞ்சினைத்தான் வாடிக்கையாளரிடம் கொடுக்கிறோம்.

முதலில் வகையைக் கண்டுபிடியுங்கள்

கையில் இருக்கும் எஞ்சின் எந்த வகை என்று தெரியாமல் சுத்தியலைத் தொட வேண்டாம். உதிரிப்பாகக் கடையில் அதே புல்லியை வாங்கிப் பார்த்தாலோ, சர்வீஸ் மேனுவலைப் பார்த்தாலோ தெரிந்துவிடும். துளைக்குள் பள்ளமோ பின் துளையோ இல்லாமல், உட்சுவர் சரிவாக வழுவழுவென்று இருந்தால் கூம்பு வகை. நேர் துளையில் நீள்பள்ளம் இருந்தால் அரைநிலாச் சாவி. ஃபோக்ஸ்வாகனின் பழைய 8 வால்வு பெட்ரோல் எஞ்சின்கள் இப்படி. சிறு குண்டூசி போன்ற பின் இருந்தால் அது சுசூகி, ஹூண்டாய் பாணி. சாவி, பின் வகைகளில் புல்லி கையோடு வர வேண்டும். வரவில்லை என்றால் அங்கேதான் உண்மையில் துருவோ பிசிறோ இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

புல்லி டப்பா மாதிரி தடிமனாக இருந்தால் அது விவிடி யூனிட், எஞ்சின் ஓடும்போதே வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பு. அதன் முகத்தில் இருக்கும் சின்னச் சின்ன போல்ட்டுகளைத் தொடக் கூடாது. நடுவில் உள்ளது மட்டுமே கேமோடு சேர்ந்தது. அந்த யூனிட்டைச் சுத்தியலால் தட்டுவதும் கூடாது. உள்ளே லாக் பின்னும் எண்ணெய் அறைகளும் இருக்கின்றன.

தேவையானவை

கேமைப் பூட்டும் தகடு (ஃபோக்ஸ்வாகன் எண் 3418), பம்பு புல்லிக்கான லாக் பின் (3359), புல்லியைப் பிடிக்கும் கவைக் கம்பி (3036), பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைத் திருப்பும் இரு முள் சாவி. இந்த நான்கும் சேர்ந்த செட்கள் கிடைக்கின்றன. தகடும் பின்னும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

கவைக் கம்பியைப் பட்டறையிலேயே செய்யலாம். 30 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன், 600 மி.மீ. நீளமுள்ள பட்டை இரும்பு ஒன்று. அதன் முனையில் இன்னொரு சிறு துண்டைப் போல்ட் வைத்துக் கத்தரிக்கோல் போல இணைத்து, இரண்டு நுனியிலும் ஆளுக்கொரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும்படி பூட்டினால் போதும். அந்த இரண்டு போல்ட்டும் புல்லியின் ஓட்டைகளில் உட்காரும். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பி குட்டையாக இருந்தால் புல்லியைப் பிடித்திருக்கும் கை சோர்ந்து, சுமை நழுவிப்போய்ப் பூட்டுத் தகட்டில் விழும்.

மேலும்: 10 முதல் 12 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. நீளமும் உள்ள பித்தளைக் கம்பி, 200 முதல் 300 கிராம் சுத்தியல், 5 முதல் 60 வரை காட்டும் டார்க் ரெஞ்ச், இடைவெளி அளக்கும் மெல்லிய இதழ்கள் கொண்ட ஃபீலர் கேஜ், பிரேக் கிளீனர், பஞ்சு நூல் உதிராத துணி, புது ஆயில் சீல், எஞ்சினை அடியிலிருந்து தாங்க ஜாக்கி, ஆயில் சம்ப்புக்கும் ஜாக்கிக்கும் இடையில் வைக்க மரக்கட்டை. புல்லர் பற்றிப் பின்னால்.

பூட்டி நிறுத்துதல்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மேல் டைமிங் கவரையும் டாப்பெட் கவரையும் எடுங்கள். கேமின் கியர்பாக்ஸ் பக்க முனையில் தகடு நுழையும் பள்ளம் இருக்கிறது. அதை மறைத்து நிற்கும் வேக்கம் பம்பையும் இறக்க வேண்டியிருக்கும்.

கிராங்க் நடுப் போல்ட்டில் 19 மி.மீ. 12 முனை சாக்கெட்டை வைத்து, எஞ்சின் ஓடும் திசையில், அதாவது கடிகாரச் சுற்றில், கையால் திருப்புங்கள். பின்னோக்கித் திருப்பக் கூடாது. கடினமாக இருந்தால் நான்கு ஹீட்டர் பிளக்கையும் எடுத்துவிட்டால் அமுக்கம் போய்ச் சுலபமாகச் சுழலும். கியர்பாக்ஸின் மேல் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து ஃப்ளைவீல் குறியைப் பாருங்கள். குறி நேராக வரும்போது முதல் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் இரண்டு கேம் மேடும் மேல்நோக்கி நிற்க வேண்டும். கீழே பார்த்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று.

இப்போது தகட்டைப் பள்ளத்தில் செருகுங்கள். பம்பு புல்லியில் பின்னைப் போடுங்கள். இரண்டும் கையால் வழுக்கிப் போக வேண்டும்.

இந்த எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் மோதும். 1, 4 பிஸ்டன்கள் உச்சியில் நிற்கும் இந்த நிலையில், பெல்ட் இல்லாமல் கேம் சுழன்றால் வால்வு வளையும். தகட்டை எடுக்காதவரை கவலை இல்லை. ஏதோ காரணத்துக்காக எடுத்தாக வேண்டும் என்றால், பம்பு பின்னையும் பெல்ட்டையும் எடுத்துவிட்டு, கிராங்கை உச்சிக்கு 90 பாகை முன்னதாகத் திருப்பி வையுங்கள். நான்கு பிஸ்டனும் நடுவில் நிற்கும்.

போல்ட்டைத் தளர்த்துதல்

பெல்ட்டை இன்னும் எடுக்க வேண்டாம். கவைக் கம்பியின் இரண்டு நுனியையும் புல்லி ஓட்டைகளில் உட்காரவைத்து, கம்பியின் கைப்பிடியை ரேடியேட்டர் பக்கமோ ஃபயர்வால் பக்கமோ உறுதியான இடத்தில் சாய்த்து, மறு கையால் போல்ட்டைக் கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் தளர்த்துங்கள். அரைச் சுற்று. அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

பூட்டுத் தகடு கேமைப் பிடித்துத்தானே இருக்கிறது, கவைக் கம்பி எதற்கு என்று தோன்றும். தகடு டைமிங்கைக் காட்டும் கருவி; முறுக்கைத் தாங்குவதற்கு அல்ல. கேம்ஷாஃப்ட் வார்ப்பிரும்பு, முறுக்கினால் வளையாமல் உடையும் உலோகம். சாக்கெட்டில் கொடுக்கும் பலமெல்லாம் அந்த முனைப் பள்ளத்தின் இரண்டு மெல்லிய உதடுகளில் இறங்கினால் உதடு சிதறும். அப்புறம் அந்தக் கேமில் டைமிங் பூட்ட வழியே இல்லை. பம்பு பின்னைப் பிடிமானமாக வைத்துத் திருப்புவதும் இதே வகைத் தவறு.

போல்ட் அசையவில்லை என்றால் நீளமான கைப்பிடி போடுங்கள், ஏர் கன் வேண்டாம். போல்ட் தலையின் நடுவில் பித்தளைக் கம்பியை வைத்து இரண்டு மிதமான தட்டு தட்டினால் மறையில் இறுக்கம் விட்டுப்போகும். முன்பு யாராவது லாக்டைட் என்ற மறைப் பசையை ஊற்றியிருப்பார்கள் என்ற சந்தேகம் வந்தால், பெல்ட்டை எடுத்துவிட்டுப் பெரிய சால்டரிங் அயர்னின் நுனியைப் போல்ட் தலையில் 5 நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். தீ வேண்டாம்.

விடுவித்தல்

போல்ட் அரைச் சுற்று தளர்ந்து நிற்கிறது. புல்லி இன்னும் கூம்பில் இறுகியிருக்கிறது. போல்ட் தலைக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு மி.மீ.க்கும் குறைவான இடைவெளி. அந்த இடைவெளி போதும். புல்லி விடுபட வேண்டிய தூரம் அதைவிடக் குறைவு. போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டுத் தட்டினால் புல்லி துள்ளிக் கீழே விழும், பல் உடையும்.

பின் டைமிங் கவரில், புல்லிக்குப் பின்னால், ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பித்தளைக் கம்பியை அந்த ஓட்டை வழியாக நுழைத்துப் புல்லியின் பின்பக்கத்தில் ஊன்றுங்கள். கம்பி கேமுக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அடியின் பாதி பக்கவாட்டில் வீணாகும். பல் விளிம்பில் படாமல், உடலில் தடிமனான இடத்தில் நுனி உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சிறிய சுத்தியலால், கனமாக அல்ல, வெடுக்கென்று தட்டுங்கள். கூம்பை உடைப்பது தள்ளும் பலம் அல்ல, அதிர்ச்சி. கிலோ சுத்தியலால் மெதுவாக இடிப்பதைவிட 250 கிராம் சுத்தியலின் சுருக்கமான ஒரு அடி அதிகம் செய்யும். விடுபடும்போது ஒலி மாறும். அதுவரை 'டிங்' என்று இறுகிய உலோகமாகக் கேட்டது 'டக்' என்று செத்துவிடும். புல்லி முன்னால் வந்து போல்ட் தலையில் முட்டி நிற்கும். கையால் ஆட்டிப் பார்த்தால் இடமும் வலமும் சிறிது சுழலும். பெல்ட் மாற்ற வந்தவருக்கு இது போதும். சீலுக்காக வந்தவர் டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்து, போல்ட்டையும் கழற்றிப் புல்லியை உருவிக்கொள்ளலாம்.

ஏழெட்டு அடியில் வரவில்லையா? நிறுத்துங்கள். காரணம் எளிது. நாம் புல்லியில் அடிக்கும் அடி கூம்பு வழியாகக் கேமுக்குப் போய், கேமின் பக்கமுகம் வழியாக அலுமினிய ஹெட்டின் தாங்கியில் இறங்குகிறது. கேமின் முன்பின் ஆட்டம் 0.15 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது இந்த எஞ்சினின் வரம்பு. கண்மண் தெரியாமல் அடித்தால் அந்த முகம் நசுங்கி, ஆட்டம் கூடிவிடும். அதைச் சரிசெய்ய ஹெட் வேலைதான்.

அசையாத புல்லிக்குப் புல்லர்

புல்லருக்கும் சுத்தியலுக்கும் அடிப்படையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. புல்லரின் நடுத் திருகு கேமைத் தள்ளுகிறது, கால்கள் புல்லியை இழுக்கின்றன. இரண்டு விசையும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் ஹெட்டுக்கு எந்தச் சுமையும் போவதில்லை. அதனால் முரண்டு பிடிக்கும் புல்லிக்குப் புல்லரே சரியான வழி.

கடையில் கிடைக்கும் மூன்று கால் பேரிங் புல்லரைப் புல்லியின் வெளி விளிம்பில் மாட்டாதீர்கள். இந்தப் புல்லிகள் பெரும்பாலும் பவுடர் உலோகத்தை அழுத்திச் சுட்டு எடுத்தவை. நசுக்கினால் தாங்கும், நுனியில் இழுத்தால் பொடியும். ஒரு பல்லில் சிறு சில்லு பெயர்ந்தாலும் அந்தக் கூர்மையே புது பெல்ட்டை அரிக்கும். கால்களை ஆரங்களின் இடையில் விட்டு, நடுக்குடத்துக்கு மிக அருகில் மாட்டுங்கள். குறுகிய கால் உள்ள இரு கால் புல்லர் இதற்கு வாகானது.

அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் செய்யச் சொல்லலாம். 10 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளம், 35 மி.மீ. அகல இரும்புப் பட்டை. நடுவில் 12 மி.மீ. மறை. இரண்டு பக்கமும் புல்லி ஓட்டைகளுக்குப் பொருந்தும் 8 மி.மீ. போல்ட்டுக்கான நீள்துளை. போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. போல்ட் தலைகள் புல்லியின் பின்னால் உட்கார வேண்டும் என்பதால், பின் கவருக்கும் புல்லிக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

இனி வரிசை:

1. நடுப் போல்ட்டை மொத்தம் இரண்டு சுற்று தளர்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். மறையில் பெரும்பகுதி இன்னும் உள்ளேயே இருக்கும். புல்லரின் தள்ளலை அது தாங்கும். நாலு மறை மட்டும் பிடித்திருக்கும் நிலையில் தள்ளினால் கேமின் உள்மறை உருவிக்கொண்டு வரும்.

2. புல்லரைப் பொருத்தி, நடுத் திருகின் நுனியைப் போல்ட் தலையின் நடுவில் வையுங்கள். திருகின் மறையிலும் நுனியிலும் துளி கிரீஸ். கால்கள் இரண்டும் ஒரே நீளத்தில் இழுக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கோணலாக இழுத்தால் கூம்பு இன்னும் கடிக்கும்.

3. கவைக் கம்பியால் புல்லியைப் பிடித்துக்கொண்டு திருகை 15 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குங்கள். பிறகு 30 வரை. 12 மி.மீ. திருகில் 30 என்பது ஏறக்குறைய ஒன்றே கால் டன். பெரும்பாலான புல்லிகள் இதற்குள் 'டப்' என்று வந்துவிடும்.

4. வரவில்லை என்றால் மேலும் முறுக்காமல், அந்தச் சுமையோடு 10 நிமிடம் விடுங்கள். பிறகு சுமை அப்படியே இருக்க, பின் ஓட்டை வழியாகப் பித்தளைக் கம்பியால் முன்பு போலவே ஒரு தட்டு. இழுவையும் அதிர்ச்சியும் சேரும்போது சின்ன அடியே போதுமானது.

5. அதற்கும் அசையாவிட்டால் சூடு.

சூடு என்றால் கேஸ் வெல்டிங் அல்ல, ஹாட் ஏர் கன். முதலில் பெல்ட்டை எடுத்துவிடுங்கள். புல்லியின் நடுக்குடத்தைச் சுற்றிச் சுற்றி, 100 முதல் 120 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள். தண்ணீர்த் துளி பட்டதும் சீறி ஆவியானால் அந்த அளவு. 30 மி.மீ. துளை 100 பாகை உயர்ந்தால் 0.035 மி.மீ. போல விரியும். பார்க்க அற்பம், ஆனால் கூம்பின் பிடியைத் தளர்த்த அது தாராளம். புல்லி சூடாகவும் கேம் ஆறியும் இருக்கும் அந்தச் சில நிமிடத்துக்குள் இழுக்க வேண்டும், தாமதித்தால் கேமும் சேர்ந்து விரிந்துவிடும். தீச்சுடர் வைத்தால் பின்னாலிருக்கும் ஆயில் சீல் கருகும், எண்ணெய்ப் புகையும் பக்கத்தில் டீசல் குழாயும் இருக்கும் இடம் வேறு.

ஸ்பிரே பற்றி ஒரு வார்த்தை. கூம்பு வகையில் துரு நீக்கி ஸ்பிரே வீண். உலோகமும் உலோகமும் ஒட்டிப் பொருந்தி நிற்கும் இடத்தில் அது நுழைய வழி இல்லை. பெல்ட்டில் தெறித்தால் பெல்ட் கெட்டதுதான் மிச்சம்.

ஸ்க்ரூடிரைவரோ கடப்பாரையோ விட்டு நெம்புவது இன்னொரு பழக்கம். பின் கவர் வளையும், அது புல்லியில் உரசி, வண்டி ஓடும்போது கீச்சிடும். அதைவிட மோசம், நெம்புகோலின் ஊன்றுமுனை ஆயில் சீல் உட்காரும் அலுமினிய விளிம்பில் விழுவது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் எண்ணெய் கசியும்.

பிடி எஞ்சின்: லாரா முதலானவை

2005-ல் வந்த ஸ்கோடா லாராவின் 1.9 டிடிஐயில் சுழல் பம்பு இல்லை, பம்பு இன்ஜெக்டர் (சுருக்கமாக 'பிடி'). அமைப்பும் வேறு. பல் சக்கரம் தனி, அது மூன்று போல்ட்டில் ஒரு ஹப்பின் மேல் நிற்கும்; கூம்பில் இருப்பது அந்த ஹப். சக்கரப் போல்ட்டுகளுக்கு 25 நியூட்டன் மீட்டர், ஹப்பின் நடுப் போல்ட்டுக்கு 100. பெல்ட் மாற்ற ஹப்பைத் தொடவே வேண்டாம். மூன்று போல்ட்டைத் தளர்த்தினால் சக்கரம் நீள்துளைகளில் நகரும். சீலுக்காக ஹப்பை எடுக்க வேண்டுமென்றால் மட்டும் டி10052 என்ற புல்லர். நடுப் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தி, புல்லரின் மூன்று போல்ட்டை ஹப்பில் சமமாக ஏற்றி, நடுத் திருகை முறுக்கினால் வந்துவிடும். இன்ஜெக்டர்களையும் கேமே இயக்குவதால் இந்தக் கூம்பின் மேல் விழும் சுமை மிக அதிகம், அதனால்தான் 100. இங்கே சுத்தியல் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

சாவி, பின் வகைகளில் ஒட்டிக்கொண்டால்

இங்கே ஸ்பிரேக்கு வேலை உண்டு. பெல்ட்டை எடுத்துவிட்டு, துளையின் விளிம்பில் துளித் துளியாக விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் புல்லியைக் கையால் இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடி, ஆனால் வெளியே வர மறுத்தால் சாவி பாதி வெட்டுப்பட்டுப் பள்ளத்தில் கடித்திருக்கிறது என்று பொருள். போல்ட் தளர்வாக ஓடிய வண்டிகளில் இது வழக்கம். அப்படிப்பட்டதை நேராக, புல்லர் வைத்து மட்டுமே இழுக்க வேண்டும். திருகி இழுத்தால் கேமின் சாவிப் பள்ளமே விரியும்.

ஹூண்டாய், டொயோட்டா போன்ற பல பெட்ரோல் எஞ்சின்களில் கேமின் உடலிலேயே ஆறுமுகக் கட்டை வார்த்திருப்பார்கள். டாப்பெட் கவரை எடுத்து அதில் ஸ்பேனரைப் போட்டுப் பிடித்துக்கொண்டால் கவைக் கம்பி தேவையில்லை. ஸ்பேனர் ஹெட்டின் விளிம்பில் சாய்ந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு பார்க்க வேண்டியவை

கூம்பைப் பிரேக் கிளீனரால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீரான சாம்பல் நிறம் நல்லது. செம்பழுப்புப் பொடி ஒட்டியிருந்தால் புல்லி ஓடும்போது நுண்ணிய அளவில் ஆடியிருக்கிறது. கோடு கோடாகக் கிழிந்து, விரல் நகத்தில் தட்டுப்பட்டால் புல்லி வழுக்கியே இருக்கிறது, புல்லியை மாற்றுங்கள். கேமின் கூம்பில் துருத்தி நிற்கும் பிசிறை மட்டும் எண்ணெய்க் கல்லால் சமப்படுத்தலாம். எமரி பேப்பரைச் சுற்றி இழுத்துப் பளபளப்பாக்குவது கூம்பின் வடிவத்தையே கெடுக்கும்.

பொருத்தம் சந்தேகமாக இருந்தால் கேமில் மார்க்கிங் புளூவை மெல்லத் தடவி, புல்லியைக் கையால் அழுத்திச் சற்றே திருப்பி எடுங்கள். துளைக்குள் நீலம் எல்லாப் பக்கமும் பரவலாகப் பதிய வேண்டும். ஒரு வளையமாக மட்டும் பதிந்தால் அது சரியாகப் பிடிக்காது.

இவ்வளவு தூரம் வந்தபின் பழைய சீலை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை. டெஃப்லான் உதடு உள்ள புது சீல்களை எண்ணெய் தடவாமல் உலர்வாகவே ஏற்ற வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

கூம்பு இரண்டும் எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்திருக்கட்டும். கிரீஸ், காப்பர் பேஸ்ட், லாக்டைட் எதுவும் வேண்டாம். புல்லியை ஏற்றி, போல்ட்டைக் கைவிரலால் முறுக்குங்கள்: புல்லி சுழல வேண்டும், ஆனால் சாயக் கூடாது.

தகடு பள்ளத்தில் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்த வேண்டும். தகட்டின் ஒரு முனை ஹெட்டைத் தொடும்வரை கேமைத் திருப்பி, மறுமுனையின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, அதில் பாதித் தடிமனுள்ள இதழை இரண்டு பக்கமும் செருகுங்கள். 0.60 வந்தால் பக்கத்துக்கு 0.30.

பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை இரு முள் சாவியால் கடிகாரச் சுற்றில் திருப்பி, முள்ளும் பள்ளமும் நேராக வரும்போது நட்டை 20 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். அதன் பிறகுதான் கேம் போல்ட்: கவைக் கம்பியால் புல்லியைப் பிடித்துக்கொண்டு 45. கழற்றப் பட்ட பாட்டை நினைத்துக் குறைக்கவும் வேண்டாம், பயந்து கூட்டவும் வேண்டாம். வரிசை மாறி, போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு டென்ஷன் வைத்தால், கேம் ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும்.

தகடு, இதழ்கள், பின் மூன்றையும் எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மீண்டும் உச்சிக்கு வாருங்கள். நடுவில் எங்காவது கட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள், அது வால்வாக இருக்கலாம். உச்சியில் தகடு மறுபடியும் வழுக்கிப் போக வேண்டும். போகவில்லை என்றால் இறுக்கும்போது புல்லி நழுவியிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தி, கூம்பை விடுவித்து, மேலே சொன்னதைத் திரும்பச் செய்யுங்கள். பம்பு பின் மட்டும் மயிரிழை விலகியிருந்தால் பம்பு புல்லியின் மூன்று போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்யலாம். அவை இழுபடும் வகை, 20 நியூட்டன் மீட்டரும் கூடுதலாகக் கால் சுற்றும். ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டுச் சூடானதும் ஸ்கேனரில் பம்பு டைமிங்கைப் பாருங்கள். கண்ணால் பார்த்துப் பூட்டியது எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், டீசல் எப்போது பீச்சப்படுகிறது என்பதை ஸ்கேனரின் எண்தான் சொல்லும். மேல் கவரை மூடுவதற்கு முன் புல்லியின் பின்பக்கத்தை டார்ச்சில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: புது சீலின் விளிம்பில் எண்ணெய் ஈரம் தெரியக் கூடாது.